ஒம்பதடிக் கொல்லை

வரட்டும். நாலு மணிக்கு வரேன்னு போன்ல சொல்லியிருக்கா, வரட்டும். வந்து எப்பவும் உக்கார்ற அந்த மூங்கில் மோடாவுலயே உக்காரட்டும், காபியைக் கையில குடுத்துட்டு அப்புறம் கேக்குறேன். இல்ல, காபிக்கு முன்னாடியே கேட்டுடணும். நம்ம வீட்டுக் காபி ஒருத்தி தொண்டைக்குள்ள இறங்கிட்டா அப்புறம் நமக்கே வாய் எழும்பாது, பாழாப்போன வளர்ப்பு அப்படி. என்ன கேப்பேன்? "ஏன் ஜெசி இப்படிப் பண்ணின?" அவ்வளவுதானே. அதுக்கு மேல என்ன இருக்கு கேக்க. ஞாயித்துக்கிழமையிலேருந்து இந்த ஒரு கேள்வியை வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கேன், முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. செடிக்குத் தண்ணி ஊத்தலாம்னு கொல்லைக்கு வந்தேன், பூவாளி காலியாகி எவ்வளவு நேரம் ஆச்சோ, வெறும் வாளியைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறேன். இவரு பாத்திருப்பாரோ. திரும்பிப் பாத்தா பின்கதவை ஒட்டின கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்காரு. தூங்குறாரா இல்லையான்னு இப்பல்லாம் கண்டுபிடிக்க முடியல. ரயில் ஓட்டின மனுஷன், ராத்திரியெல்லாம் முழிச்சுப் பழகின கண்ணு, இப்ப பட்டப்பகல்ல மூடி மூடிக் கிடக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அசோசியேஷன் செகரட்டரி வருவாரு. "உங்க முடிவைச் சொல்லிடுங்க மேடம், நீங்க சரின்னாதான் மேல பேச முடியும்"னு நிப்பாரு. முடிவு என்ன முடிவு. முடியாது. அந்த ஒரு வார்த்தைதான். அதை அவருகிட்ட சொல்றதுக்கு முன்னாடி இவகிட்ட சொல்லிடணும், மூஞ்சிக்கு நேரா, அதுக்குத்தான் வாடின்னு சொன்னேன்.

இந்தக் கொல்லை இல்லேன்னா இவரு என்னிக்கோ போயிருப்பாரு. வாய்விட்டு யார்கிட்டயும் சொன்னதில்ல, சொன்னா அபசகுனம். ஆனா உண்மை அதுதான். போன வருஷம் ஆடி மாசம் பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமா இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்து படுக்கையறையில போட்டோம், ஜன்னலைத் திறந்தா பக்கத்து பில்டிங்கோட கழிவுத்தண்ணிக் குழாய்தான் தெரியும். அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாரு. சாப்பாடு ஊட்டினா வாயைத் திறப்பாரு, நிறுத்தினா மூடிக்குவாரு. ஒரு நாள் சக்கர நாற்காலியில வச்சுத் தெருவுக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். தெருமுனை போறதுக்குள்ள எத்தனை பேரு நிறுத்தினாங்க. "என்ன டிரைவர் சார், எப்படி இருந்த ஆளு"ன்னு ஒருத்தன் உச்சுக்கொட்டினான். இன்னொருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு இவரு காது கேக்கவே "பேச்சு வருமா"ங்குறா. வீட்டுக்கு வந்ததும் குழறின வாயாலயே தெளிவா சொல்லிட்டாரு, "இனிமே வெளிய வேணாம், அமிர்தம்." அத்தோட வெளிய முடிஞ்சுது. அப்புறம் இந்த வீட்டுல என்ன மிச்சம்? பின்கதவைத் திறந்தா இது. இதுக்குக் கொல்லைன்னு பேரு. கதவுலேருந்து எதிர்ச்சுவருக்கு ஒம்பதடி, குறுக்கால கொஞ்சம் கூட. ஒரு பக்கம் மாடிப்படிச் சுவரு, மத்த ரெண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவரு. வீடு வாங்கின அன்னிக்குக் கட்டினவன், "பின்னாடி எடம் உங்களுக்குத்தாம்மா, அனுபவிங்க"ன்னு வாயாலயே வாரி வழங்கினான். கீழ்வீடு வாங்குறவங்க எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லுவாங்களாம். நானும் தலையை ஆட்டிக்கிட்டு, தண்ணி டிரம்மு, உடைஞ்ச சைக்கிளு, வெளியூருக்குப் போயிட்ட பையன் பத்தாவது படிச்ச மேஜை, ரெண்டு கொடிக்கயிறு, எதைத் தூக்கிப் போட மனசு வரலையோ அத்தனையும் கொண்டாந்து அடைச்சு வச்சிருந்தேன். ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் நடக்கணும். அந்தக் குப்பையைப் பாக்குறதுக்குத்தான் இவரோட கட்டிலை இழுத்துக் கதவுகிட்டப் போட்டேன். குழாயைப் பாக்குறதுக்கு இது மேல் இல்லையா.

அப்பத்தான் ஜெசி வந்தா. ஜெசிந்தா, மூணாவது மாடி, கான்வென்ட்டுல ட்ராயிங் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுல எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோட ஒரு தடவை எட்டிப்பாத்துட்டுப் போனாங்க, இவ மட்டும்தான் மறுநாளும் வந்தா, அதுக்கு மறுநாளும் வந்தா. பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு இவருக்குப் படிச்சுக் காட்டுவா. "அண்ணே, இந்த மந்திரி என்ன சொல்றாரு பாருங்க"ன்னு ஆரம்பிச்சா இவரு வாய் ஓரம் இழுக்கும், சிரிப்புதான் அது, எனக்குத் தெரியும். ஒரு நாள் இங்கயே நின்னு கொல்லையை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அக்கா, இதைப் பெருசாக்கலாம்"னா. "சுவத்தை இடிக்கவா?"ன்னேன். "இடிக்க வேணாம். கண்ணை ஏமாத்தினாப் போதும். கண்ணை ஏமாத்துறது ரொம்பச் சுலபம்க்கா." எவ்வளவு வாய் நிறையச் சொன்னா பாரு. அன்னிக்கு எனக்கு அது அமிர்தமா இருந்துச்சு. பேட்டியோன்னு சொல்லணுமாம் இதை, கொல்லைன்னு சொல்லக்கூடாதாம். "பேட்டியோவோ பேட்டையோ, உங்க அண்ணன் மூச்சு விட எடம் வேணும், அவ்வளவுதான்"னேன். ஆரம்பிச்சோம். முதல்ல டிரம்மு, சைக்கிளு, மேஜை எல்லாம் போச்சு. மேஜை போனப்ப எனக்கு அழுகை வந்துச்சு, இருந்தாலும் போகட்டும்னு விட்டேன். கொடிக்கயிறு ரெண்டையும் அறுத்தோம், குறுக்கால ஒரு கோடு கிடந்தாலே எடம் ரெண்டா வெட்டுப்படுமாம். தரையில ஓடுங்களை நேரா பதிக்காம மூலைவாட்டமா பதிக்கச் சொன்னா, கண்ணு அந்தச் சாய்வுக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப தூரம் போகுமாம். கதவுகிட்ட பெரிய தொட்டியில பெரிய இலை, கல்வாழை, சேம்பு. நடுவுல நடுத்தரமா குரோட்டன்ஸு. சுவத்தோரத்துல சின்னச் சின்னத் தொட்டியில பொடி இலையா மருக்கொழுந்து, பெரணி. கிட்ட இருக்கிறது பெருசு, எட்ட இருக்கிறது சிறுசு, அப்படி வச்சா எட்ட இருக்கிறது இன்னும் எட்டப் போயிடுமாம். எதிர்ச்சுவத்துக்கு வெளிர் நீலம், மேல போகப் போக வெள்ளை. கடைசியா கண்ணாடி. பழைய சாமான் கடையில ஒரு ஜன்னல் சட்டம் வாங்கி, அதுக்குள்ள கண்ணாடியைப் பதிச்சு, சங்குப்பூக்கொடியைச் சுத்தி ஏத்திவிட்டா. சுவத்துல ஒரு ஜன்னல் திறந்து அந்தப்பக்கம் இன்னொரு தோட்டம் கிடக்குன்னுதான் தோணும். பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை மதில்லேருந்து குதிச்சு நேரா அதுக்குள்ள போகப் பாத்து மூக்கை இடிச்சுக்கிச்சு. நானும் ஜெசியும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

இவரு என்ன சொல்லப்போறாருன்னுதான் எனக்கு அடிச்சுக்கிச்சு. கண்ணாடி மாட்டின அன்னிக்கு சாயங்காலம் தலையணையை உசத்தி வச்சு, "இப்ப பாருங்க"ன்னேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "நல்லாயிருக்கு"ன்னாரு. எனக்கு அது போதல, சின்னப் பிள்ளை கேக்குற மாதிரி, "அந்தச் சுவரு எவ்வளவு தூரம் இருக்கும் சொல்லுங்க பாப்போம்"னு கேட்டேன். இடது கையைத் தூக்கி நெத்தியில வச்சு, எஞ்சின்ல நிக்கிறப்ப வெயிலுக்கு மறைச்சுக்குவாரே அப்படி வச்சு, "இருக்கும், ஒரு இருபதடி"ன்னாரு. நான் அடுப்படிக்குள்ள ஓடிப்போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். எத்தனை கோயில்ல எத்தனை வேண்டுதல் வச்சேன், கடைசியில சாமி இந்த டீச்சர் ரூபத்துல வந்து இவருக்குப் பதினோரு அடி குடுத்திருக்குன்னு நினைச்சேன். அந்தச் சந்தோஷத்துலதான் அந்தத் தப்பைப் பண்ணினேன். சும்மா இருக்கமாட்டாம போட்டோ எடுத்து பில்டிங் வாட்ஸப் குரூப்புல போட்டேன். அதுவும் ஜெசி சொன்ன மாதிரி தரையோரமா உக்காந்து எடுத்தா இன்னும் விசாலமா தெரியும்னு குந்தி உக்காந்து எடுத்தேன். அவ்வளவுதான், "சூப்பர் மேடம்", "நம்ம பில்டிங்லயா இவ்வளவு எடம்", கைகூப்புற பொம்மை, பூங்கொத்துப் பொம்மை. ரெண்டாவது மாடிக்காரம்மா, "கல்யாணமே நடத்தலாம் போலிருக்கே"ன்னு எழுதியிருந்தா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க, எங்கம்மா இருந்திருந்தா அன்னிக்கே உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டிருப்பா. நான் என்ன பண்ணினேன், ஒவ்வொருத்தருக்கா நன்றி நன்றின்னு பதில் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை. சின்ன எடத்தைச் சின்னதாவே வச்சிருந்தா எவன் திரும்பிப் பாத்திருப்பான்?

ஞாயித்துக்கிழமை கார் நிறுத்துற எடத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். தண்ணித்தொட்டி கழுவுற விஷயம்னு நினைச்சுத்தான் போனேன். செகரட்டரி அருள்நம்பி எழுந்து, லிஃப்டு பத்திப் பேச ஆரம்பிச்சாரு. மாடியில இருக்கிறவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு, லிஃப்டு இல்லாம முடியல, இத்தனை நாளா எடம் இல்லேன்னு விட்டுட்டோம், சரி. "நம்ம அமிர்தம் மேடம் போட்ட போட்டோவைப் பாத்தப்புறம்தான் பின்னாடி இவ்வளவு எடம் இருக்கிறதே எங்களுக்கு உறைச்சுது"ன்னு சிரிச்சாரு. நானும் கூடச் சிரிச்சேன். அசடு, கூடவே சிரிச்சேன். "மாடிப்படிச் சுவத்தை ஒட்டினாப்புல வைக்கலாம்னு இன்ஜினியர் சொல்றாரு, தாராளமா வருதாம். அளவெல்லாம் ஜெசிந்தா டீச்சர் எடுத்துக் குடுத்துட்டாங்க." அங்க என் காது அடைச்சுப்போச்சு. திரும்பிப் பாத்தேன். ஜெசி குனிஞ்சு அவ செருப்பைப் பாத்துக்கிட்டு இருக்கா, செருப்புல என்ன எழுதியிருக்கோ. "அது பொது எடம்தான், இருந்தாலும் கீழ்வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம தொடமாட்டோம், யாருக்கெல்லாம் லிஃப்டு வேணும்னு மட்டும் கை தூக்குங்க"ன்னாரு. எல்லாக் கையும் மேல போச்சு. இவ கையும் போச்சு. முழுசாக்கூட தூக்கல, தோள் வரைக்கும் ஒரு அரைக்கை. அந்த அரைக்கையைத்தான் என்னால மன்னிக்க முடியல. தூக்குறதுன்னா தூக்கணும், என் மூஞ்சியைப் பாத்துத் தூக்கணும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவளுக்கு அந்தத் தைரியமாவது வேணாமா. வீட்டுக்கு வந்தேன், "கூட்டத்துல என்ன"ன்னு இவரு கேட்டாரு, "தொட்டி கழுவணுமாம்"னேன். சொல்லுவேனா நான்? கேட்டா ஒடைஞ்சு போயிடுவாரு. அன்னிலேருந்து அவ கீழ வரவும் இல்ல, இன்னிக்கு வரைக்கும் நான் கூப்பிடவும் இல்ல, "ஜெசிந்தா எங்க"ன்னு இவரு கேக்குறப்பல்லாம் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன்.

அளவு. எப்ப எடுத்தா அளவு? இங்கதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் கால் தடுக்குது. தை மாசம் ஓடு பதிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேருமாத்தான் அளந்தோம். டேப்போட இந்த முனையைக் கதவு நிலைகிட்ட நான் பிடிச்சேன், அந்த முனையை அவ இழுத்துக்கிட்டுப் போனா, "ஒம்பது"ன்னு சொல்லிட்டு உதட்டைப் பிதுக்கினா. அது கொல்லைக்காக அளந்தது. அதுல கள்ளம் இல்ல, இருக்காது, இருந்தா அந்தப் பிதுக்கல் வராது. அப்புறம் கண்ணாடிக்கு அளந்தா. அதுவும் சரி. ஆனா பங்குனியில ஒரு நாள், எல்லா வேலையும் முடிஞ்சு, ஓடு பதிச்சு, செடி வச்சு, கண்ணாடி மாட்டி எல்லாம் ஆனப்புறம், திரும்ப டேப்பை எடுத்துக்கிட்டு வந்தாளே. இந்த மாடிப்படிச் சுவத்தை நீளமா ஒரு தடவை, சுவத்துலேருந்து செடி வரைக்கும் ஒரு தடவை. "இந்தச் சுவரு எதுக்குடி, இங்க என்ன வைக்கப் போற?"ன்னு கேட்டேன். "சும்மாக்கா, ஒரு ஐடியா"ன்னா. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா, இன்னும் பெருசாக்கப் போறா போலன்னு. வெயில்ல நின்னு அளக்குறாளேன்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டாந்து குடுத்தேன். குனிஞ்சு டேப்போட முனையை அழுத்திப் பிடிச்சதும் நாந்தான். என் கையாலயே பிடிச்சுக் குடுத்திருக்கேன், இங்கதான் குழி வெட்டணும்னு. நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னு சொல்லுவாங்க, கழுத்தைக் காட்டினது மட்டுமில்ல, கத்தியையும் கூடப் பிடிச்சிருக்கேன். இவரும் கட்டில்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அவ அளந்து முடிச்சதும் இவரைப் பாத்து லேசா தலையை ஆட்டினா, இவரும் ஆட்டினாரு. ஏதோ போயிட்டு வரேன்னு சொல்றான்னு நினைச்சேன். சரி, அப்ப பங்குனியில அளந்ததுதான் லிஃப்டுக்கு. அப்படின்னா அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்? பேப்பர் படிச்சது? அண்ணே அண்ணேன்னது? எந்தத் தேதியிலேருந்து பொய்யி, எந்தத் தேதி வரைக்கும் நிஜம்? மாவுல பூச்சி விழுந்தா மேலாப்புல அள்ளிப் போட்டுட்டு மீதியைப் பொழங்கலாம். இதை எங்க அள்ளுறது.

லிஃப்டு எதுக்கு, முட்டிக்குத்தானே? அவ முட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா. ரெண்டும் தேஞ்சுபோச்சு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி வருஷமாச்சு, தனியா இருக்கிறவ யாரை நம்பிப் படுக்குறதுன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா. படியில நண்டு இறங்குற மாதிரி பக்கவாட்டுல இறங்குவா, ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு மூச்சு வாங்குவா. இந்தச் சுவத்துக்கு அந்தப்பக்கம்தானே படி, எனக்குக் கேக்கும். கேட்டுட்டு நான் என்ன சும்மாவா இருந்தேன்? "படுத்துக்க ஜெசி, ஆபரேஷன் பண்ணிக்க, ஒரு கட்டிலுக்கு ரெண்டு கட்டிலா நான் பாத்துக்கிறேன்"னு சொன்னேனா இல்லையா. வாய் வார்த்தைக்குச் சொல்லல, மனசாரச் சொன்னேன். அப்படிப்பட்டவகிட்ட நேரா வந்து கேக்கலாமே. அக்கா, என்னால முடியலக்கா, உங்க கொல்லையில பாதியைக் குடுங்கன்னு. கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னா அது வேற. கேட்டிருக்கணும். கேக்காம போய் அந்த அருள்நம்பிகிட்ட அளவைக் குடுத்தாளே, அதுதான். லிஃப்டு வந்தா என்ன மிஞ்சும் இங்க? இந்தக் கல்வாழைக்கு அப்பால ஒரு காங்கிரீட் பெட்டி நிக்கும். கட்டில்லேருந்து பாத்தா சிமெண்டுதான் மூக்குல இடிக்கும். நாளெல்லாம் மேலயும் கீழயும் போற சத்தம் வேற. இவரு திரும்பவும் வாயைத் திறக்குறதும் மூடுறதுமா ஆயிடுவாரு. பகல்ல யாரும் இல்லாத நேரத்துல பக்கத்துல உக்காந்து மூச்சு வருதான்னு மூக்குல விரல் வச்சுப் பாத்திருக்கேன் நான், இந்தக் கொல்லை வர்றதுக்கு முன்னாடி. அவளுக்கு முட்டி, எனக்குத் தாலி. எது பெருசுன்னு எவ வேணா வந்து அளந்துக்கட்டும், டேப்பு அவகிட்டத்தான் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு, சொல்லவே கூச்சமா இருக்கு. கொஞ்ச நாளா அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்பாங்க, நான் காபியோட வந்தா நிறுத்திடுவாங்க. "என்ன, நான் வந்ததும் கப்சிப்புன்னு ஆயிட்டீங்க"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்லக்கா, அண்ணன் பழைய ரயில் கதை சொல்றாரு"ம்பா. எனக்குச் சொல்லாத ரயில் கதையான்னு ஒரு நிமிஷம் சுருக்குங்கும், அப்புறம் போகட்டும், மனுஷன் பேசுறாரே அதுவே போதும்னு இருந்துடுவேன். இந்த வயசுல வேற எதையும் நினைக்கிற ஆளு நான் இல்ல. ஆனா யோசிச்சுப் பாத்தா, இந்த வீட்டுக்குள்ள இவரை மனுஷனா நடத்துறது அவ ஒருத்திதான். நான் கூட இல்ல. நான் வாயைத் துடைக்கிறேன், மாத்திரையைக் குடுக்கிறேன், புரட்டிப் படுக்க வைக்கிறேன். அவ சண்டை போடுவா. "அண்ணே, நீங்க சொல்றது தப்பு"ம்பா. அவளையும் இன்னிக்கு வெட்டி விட்டுட்டா, நாளைக்கு நாலு மணிக்கு இவரு பேப்பரைப் பாத்துட்டு என்னைப் பாப்பாரு. பாக்கட்டும். நான் படிச்சுக் காட்டுறேன். எனக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும். டிகாக்ஷன் இறங்கியிருக்கும். ரெண்டு டம்ளரை எடுத்து வச்சேனா மூணு எடுத்து வச்சேனா? மூணுதான் எடுத்து வச்சிருக்கேன், கை தன்பாட்டுக்குப் பழக்கத்துல எடுத்திருக்கு. வெக்கங்கெட்ட கை.

கதவு சாத்துற சத்தம் கேக்குது. மூணாவது மாடி. இறங்க ஆரம்பிச்சுட்டா. சுவத்துல கையை ஊணி ஊணி வர்றா, வளையல் உரசுற சத்தம் கூடக் கேக்குது இன்னிக்கு. வா. நிதானமா வா.

"அமிர்தம்."

இவரு. கண்ணு திறந்துதான் இருக்கு. எப்பத் திறந்தாரு. "என்னங்க, தண்ணி வேணுமா?" பூவாளியைக் கீழ வச்சுட்டுக் கட்டிலுகிட்டப் போனேன். வாய் ஓரம் நனைஞ்சிருந்துச்சு, முந்தானையால துடைச்சேன். என் கையைத் தள்ளிவிட்டாரு. "அவளைத் திட்டாத"ன்னாரு. யாரைன்னு கேட்டேன், கேக்கும்போதே எனக்கு உள்ள ஏதோ வழுக்குது. கூட்டத்துல நடந்ததுல ஒரு வார்த்தை நான் இவருகிட்ட மூச்சு விடலையே. காய்ச்சல்னுதானே சொன்னேன். "ஜெசிந்தாவை. நாந்தான் அளக்கச் சொன்னேன்." வார்த்தை வார்த்தையா, நடுவுல எச்சில் முழுங்கி முழுங்கி வந்துச்சு. லிஃப்டு பேச்சை எடுத்ததே இவருதானாம். அவ வேணாம்னுதான் சொன்னாளாம், அக்கா தாங்கமாட்டாங்கன்னு சொன்னாளாம், இவருதான் விடலையாம். கூட்டத்துல எல்லாரும் கை தூக்கிட்டா நானும் ஒத்துக்குவேன்னு இவருக்கு ஒரு கணக்கு. கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க லிஃப்டு? நாம கீழ்வீடு." "நாற்காலியோட மேல போலாம். மொட்டை மாடிக்கு." "மொட்டை மாடியில என்ன இருக்கு?" "ஒண்ணும் இருக்காது"ன்னாரு. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "அதான் வேணும்"னாரு.

படியில ஜெசி ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னுட்டா. மூச்சு வாங்குறா. "அப்ப இது?"ன்னு கையை நீட்டினேன், தொட்டி, ஓடு, சங்குப்பூ எல்லாத்தையும் சேத்து நீட்டினேன். "நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே. இருபதடின்னு சொன்னீங்களே." என் முகத்தைப் பாக்காம மேல விட்டத்தைப் பாத்தாரு. "நீ கேட்டே. சொன்னேன்"னாரு. அவ்வளவுதான். மாசக்கணக்கா தினமும் காலையில, "இன்னிக்கு எப்படி இருக்கு பாருங்க"ன்னு தலையணையை உசத்தி வைப்பேன், இவரும் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்லுவாரு. உப்பில்லாத கஞ்சியைக் குடுத்தாலும் இதே குரல்லதான் நல்லாயிருக்கும்பாரு, அது எனக்கு இப்பத்தான் உறைக்குது. பக்கத்து பில்டிங் சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தவரை இன்னொரு சுவத்தைப் பாக்க வச்சிருக்கேன், நீலம் அடிச்சு. தினம் சாயங்காலம் நான் இங்க நின்னு செடியோட இலையைத் துடைச்சுக்கிட்டு இருந்தப்ப, முதுகுக்குப் பின்னாடி ரெண்டு பேரும் எனக்காக இரக்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ஜெசி பண்ணினது துரோகம்னு இத்தனை நாளா அழுதேனே, அதுக்காவது ஒரு பேரு இருந்துச்சு. இதுக்கு என்ன பேரு? "என்கிட்ட கேட்டிருக்கலாமே"ன்னேன். "கேட்டா நீ அழுவே. நீ அழுதா நான் வேணாம்னுடுவேன்."

பெல் அடிச்சுது. போய்த் திறந்தேன். ஜெசி ஒரு கையால நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, நெத்தியெல்லாம் வேர்வை, மூணு நாள்ல முகம் ஒடுங்கிப்போயிருக்கு. என்னைப் பாத்தா, என் தோளுக்கு மேல உள்ள கட்டிலைப் பாத்தா. "சொல்லிட்டாரா அக்கா?" நான் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். "செகரட்டரிகிட்ட வேணாம்னு சொல்லிடலாம்க்கா. நானும் வேணாம்னு சொல்லிடுறேன். அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்டாரு, எனக்கும் முட்டி. எனக்கு உங்ககிட்ட மறைக்கத் தெரியலக்கா, அன்னிக்குக் கையே மேல வரல." ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முன்ன நின்னு சம்மதிச்சிருப்பேனே, என்னை ஏண்டி ரெண்டு பேருமா சேந்து இப்படி அன்னியமாக்கினீங்கன்னு கேக்க வாயைத் திறந்தேன். வரல. ஏன்னா அது பொய். சம்மதிச்சிருக்க மாட்டேன். அழுது, சாப்பிடாம கிடந்து, தாலியைக் கையில பிடிச்சுக்கிட்டு, எப்படியாவது இவரை வேணாம்னு சொல்ல வச்சிருப்பேன். இதோ, ஆறு மணிக்கு முடியாதுன்னு சொல்றதுக்குத்தானே இவ்வளவு நேரமா ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தேன். அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவருக்கும் தெரிஞ்சிருக்கு. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. திரும்பி உள்ள பாத்தேன். கட்டில்ல இவரு தலையைத் திருப்பி வச்சுக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு இருக்காரு. செடியைப் பாக்கல, ஜெசியைப் பாக்கல. என் வாயைப் பாக்குறாரு, அதுலேருந்து என்ன வரப்போகுதோன்னு. இழுத்துக்காத அந்த இடது கை போர்வையை இறுக்கிப் பிடிச்சிருக்கு. எவ்வளவு கோபக்காரரு, எனக்குப் பின்னாடி இவரு வீசின தட்டு எத்தனை பறந்திருக்கு, அப்படிப்பட்ட மனுஷன். இந்த முகத்தை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல. எனக்குப் பயந்துக்கிட்டு இருக்காரு.